புளிக்கப் புளிக்கப் புதுச்சேரி

பீர் புளித்திருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம். வெயிலில் கிடந்த பெட்டியா, தேதி தாண்டிய சரக்கா, மூடி சரியில்லையா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. புளித்த பீர் என்றால் கெட்ட பீர், அவ்வளவுதான். அதே பீரை வேண்டுமென்றே புளிக்கவைத்து, அதற்காக மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காத்திருந்து, கூடுதல் விலையும் வைத்து விற்கிறார்கள் என்று சொன்னால் கோரிமேட்டிலிருந்து முள்ளோடை வரை ஒருவரும் நம்ப மாட்டார்கள். இத்தனைக்கும் இட்லி மாவு, மோர்க்குழம்பு, நீராகாரம் என்று புளிப்பிலேயே வளர்ந்த நாக்கு நம்முடையது. பீரில் மட்டும் அதை ஏன் குற்றமாக வைத்தோம்?

வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய முற்றத்து வீட்டில், ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில், நண்பர்கள் ஐந்து பேர் கூடியது இந்த விஷயத்தைப் பேசத்தான். வீட்டுக்காரன் பாரிஸ்வாசி. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் இப்படிப்பட்ட குடும்பங்களை ‘சொல்தா வீடு’ என்றால் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்கம் கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர். மற்றவர்கள் அதில் விஸ்கி வாங்கி வருவார்கள். இவன் சின்னச் சின்ன பீர் பாட்டிலாக அடுக்கி வந்திருந்தான். சித்தப்பாக்கள் அவனோடு பேச்சை நிறுத்தாமல் இருப்பதே பெரிய விஷயம்.

கூட்டத்தில் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் ஒரு பேராசிரியை உண்டு. எங்கள் எல்லோருக்கும் அக்கா. பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்த்து, சனிக்கிழமைதோறும் மைக்ரோ ப்ரூவரிகளில் சம்பளத்தைக் கரைக்கும் ஒரு தம்பி. பாகூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அண்ணன். அவரைப் பொறுத்தவரை பீர் என்றால் ஸ்ட்ராங் பீர். மற்றதெல்லாம் குளிர்பானம்.

முதலில் திறந்தது ‘கூஸ்’ என்ற பெல்ஜியம் பாட்டில். ஷாம்பெயின் மாதிரி கார்க், கம்பிக் கட்டு. மக்கில் ஊற்றக் கூடாது என்று பாரிஸ்காரன் ஒயின் கோப்பைகளை எடுத்துவந்தான். வாசனை வந்ததும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈரச் சாக்கு, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மாட்டுத் தொழுவம். வாயில் விட்டதும் தாடை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு எச்சில் ஊறுகிறது. கசப்பைத் தேடினால் இல்லை. இனிப்பு துளியும் இல்லை.

பாகூர் அண்ணன் ஒரு வாய் குடித்தார், கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டேய், இது கள்ளுடா. நேத்து எறக்குன கள்ளு.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. “அவர் சொல்றதுதான் சரி” என்றார். அன்றைய சாயங்காலம் முழுக்க எங்களைப் பேசவைத்தது அந்த ஒரு வாக்கியம்.

காற்றில் வந்து இறங்குவது

பிரஸ்ஸல்ஸ் நகரையும் அதற்குத் தென்மேற்கே சென் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் சுற்றிய கிராமங்களில் ‘லாம்பிக்’ என்றொரு பீர் காய்ச்சுகிறார்கள். முளைகட்டிய பார்லியோடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முளைகட்டாத கோதுமை. ஹாப்ஸ் பூவும் உண்டு. ஆனால் கசப்பெல்லாம் போகும்படி வருஷக்கணக்கில் வைத்துப் பழையதாக்கிய பூ. கசப்புக்காக அல்ல, வேண்டாத பாக்டீரியா அண்டாமல் இருப்பதற்காக. காய்ச்சிய கஞ்சியைக் கூரைக்கு அடியில், அகலமான ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து போட்டுவிடுவார்கள். ஈஸ்ட் என்று எதையும் சேர்ப்பதில்லை. அந்தக் காற்றிலும் கட்டடத்திலும் இருப்பது தானாக வந்து இறங்கும். மறுநாள் மரப்பீப்பாயில் நிரப்பினால் ஒன்று முதல் மூன்று வருஷம் வரை அங்கேயே கிடக்கும்.

பீப்பாய்க்குள் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குடல் பாக்டீரியா வகைகள், பிறகு வழக்கமான ஈஸ்ட், அதற்குப் பிறகு பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா வந்து லாக்டிக் அமிலத்தைக் கூட்டும். இடையில் ஒரு கட்டத்தில் பீர் கெட்டியாகி நூல் நூலாக இழுக்கும். பார்த்தால் கொட்டிவிடத் தோன்றும். கொட்டாமல் காத்திருந்தால் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் அந்தப் பிசினைத் தின்று சரிசெய்கிறது. தொழுவ வாசனையும் அதன் வேலைதான். 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் நீல்ஸ் கிளாவுசன் இந்த ஈஸ்டை அடையாளம் கண்டு சொன்னார். ஒரு வருஷ லாம்பிக், இரண்டு வருஷம், மூன்று வருஷம் எல்லாவற்றையும் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடி நுரைக்க விட்டால் அது கூஸ். 1900-இல் தொடங்கிய கான்டியோன் ப்ரூவரி இன்றும் பிரஸ்ஸல்ஸ் நகருக்குள்ளேயே இப்படித்தான் செய்கிறது. அதுவும் குளிர்கால மாதங்களில் மட்டும். ராத்திரி போதுமான குளிர் இல்லாவிட்டால் வேண்டாதவை முந்திக்கொள்ளும்.

அக்கா இங்கே குறுக்கிட்டார். இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது என்று 1965-இல் ஓர் ஆய்வு வந்தது. முகர்ஜி என்ற இந்திய ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. மாவை உப்பவைப்பது லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். ராத்திரி நேரம் ஏற ஏற, கடைசியில் வந்து புளிப்பைக் கூட்டும் கூட்டத்தில் ஒரு பீடியோகாக்கஸ் இருந்தது. “அந்தப் பீப்பாய்க்குள்ள இருக்கிறவனோட சொந்தக்காரன்தான். உளுந்திலேயும் அரிசியிலேயும் ஒட்டிட்டு வர்றான். நம்ம வீட்டு மாவுக்கு எவனாவது ஈஸ்ட் பாக்கெட் வாங்குறானா?”

தென்னங்கள்ளிலும் அப்படித்தான். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு சர்க்கரை. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிக்காமல் பதநீராக இறங்கும். தடவாவிட்டால் காற்று, பூச்சி, பழைய கலயத்தின் சுவர் எல்லாவற்றிலிருந்தும் ஈஸ்டும் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இறங்கி வேலையைத் தொடங்கிவிடும். பின்னாலேயே லாக்டிக் பாக்டீரியா. அதற்கும் பின்னால் வினிகராக்குகிற அசெட்டிக் பாக்டீரியா. பெல்ஜியத்தில் மூன்று வருஷம் எடுக்கும் வரிசை, பாகூர் வெயிலில் ஒன்றரை நாளில் முடிந்துவிடுகிறது.

உப்புப் போட்ட பீர்

அடுத்து வந்தது ஜெர்மனியின் ‘கோஸே’. கோதுமை பீரைப் புளிக்கவைத்து, அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ப்பார்கள். கோஸ்லார் என்ற ஊரில் பிறந்து, லைப்சிக் நகரத்தில் வாழ்ந்த பீர். லைப்சிக்கில் 1966-இல் கடைசி உற்பத்தியும் நின்று, ஏறக்குறைய செத்தே போனது. 1980-களில் ஒரு மதுக்கடைக்காரர் பிடிவாதமாக அதை மறுபடி காய்ச்சவைத்தார். பிறகு அமெரிக்காவின் சின்ன ப்ரூவரிகள் பிடித்துக்கொண்டன. இன்று உலகம் முழுக்கக் கேனில் கிடைக்கும் பழ கோஸேகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

மல்லி, உப்பு, புளிப்பு. ரசத்தில் தாளிப்பு மட்டும் விட்டுப்போன மாதிரி இருந்தது. எங்கள் மேசையில் முதலில் காலியான பாட்டில் இதுதான். தொட்டுக்கொள்ள நெத்திலி வறுவலும், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தையும். பீருக்குத் தோதான தீனி என்று நாம் வழக்கமாக வைக்கும் உறைப்பு, கசப்பான லாகரோடு சேரும்போது நாக்கை எரிக்கும். புளித்த பீரோடு சேரும்போது எரிச்சல் அடங்கி மீன் மீனாகத் தெரிகிறது. தம்பி அதைக் கண்டுபிடித்த பிறகு நெத்திலி போதவில்லை.

உப்புப் போட்ட மதுவைக் குடிக்கும் முதல் புதுச்சேரிக்காரர்கள் நாங்கள் என்று நினைத்தால் அது தப்பு. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோதும் முன்னும் பின்னும் கிடைத்த மத்தியதரைக் கடல் மதுச்சாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் ஆராய்ந்தார். அவற்றில் பெரும்பங்கு, கிரேக்கத் தீவான கோஸ் பாணிச் சாடிகள். கோஸ் ஒயினின் விசேஷமே அதில் கடல்நீர் கலப்பதுதான். ரோமானியர் கேட்டோ தன் வேளாண்மை நூலில் அதற்குச் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் இறங்கியது உப்புக் கரித்த ஒயின். அது யவனர்களுக்கு மட்டுமா, உள்ளூர்க்காரர்களும் குடித்தார்களா என்று விவாதிக்கலாம். சங்கப் பாடல்களில் யவன மது வருவதால் எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு.

பழம் எங்கே போகிறது?

பழ பீர் என்றதும் அக்கா உட்பட எல்லோரும் இனிப்பை எதிர்பார்த்தோம். வந்தது ‘க்ரீக்’. ஒரு லிட்டர் லாம்பிக்குக்கு ஏறத்தாழ 200 கிராம் புளிப்புச் செர்ரியைப் பீப்பாயில் போட்டு மாதக்கணக்கில் ஊறவிட்டது. நிறம் மாதுளைச் சிவப்பு. வாசனை செர்ரி, கொட்டையின் பாதாம் மணம்கூட உண்டு. குடித்தால் இனிப்பு அறவே இல்லை. முந்தையதைவிடப் புளிப்பு, கூடவே லேசான துவர்ப்பு. பழத்தின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டது. பழத்தில் சர்க்கரை போனால் மிச்சம் இருப்பது என்ன என்பதை அந்தக் கோப்பையில் பார்க்கலாம்: நிறம், மணம், அமிலம், தோலின் துவர்ப்பு.

பெல்ஜியத்திலேயே சர்க்கரையோ பழச்சாறோ கடைசியில் ஊற்றி இனிப்பாக்கிய க்ரீக்குகள் தாராளமாக விற்கின்றன. பெர்லினில் ‘வைஸ’ என்ற மெலிந்த புளிப்பு பீரில், ஆல்கஹால் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், ராஸ்பெரி சிரப் விட்டுக் குடிப்பது பழைய வழக்கம். குடிப்பவர் இஷ்டம். ஆனால் புளிப்பை மறைக்கச் சிரப் ஊற்றுவதும், பழத்தைப் புளிக்கவிட்டுக் காத்திருப்பதும் ஒன்றல்ல. நம் நகரங்களில் ‘ஃப்ரூட் பீர்’ என்ற பேரில் வரும் பலவற்றில் பழம் கடைசி நிமிஷத்து விருந்தாளி. குடித்து முடித்ததும் உதட்டில் பிசுபிசுப்பு நிற்கிறதா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

பெங்களூருத் தம்பிக்கு இது கோபத்தைக் கிளப்பியது. இந்தியாவில் 2009-இல் புணேயில் டூலாலி தொடங்கி, 2010-11 வாக்கில் பெங்களூருவில் டாய்ட், பியர் கிளப் என்று மைக்ரோ ப்ரூவரிகள் வரிசையாக வந்தபோது ஆரம்பத்தில் இருந்தது கோதுமை பீரும் ஸ்டவுட்டும்தான். புளிப்பு பின்னால் வந்தது. மேற்குக் கரைக்காரர்கள் கோக்கம் போட்டார்கள், மாம்பழமும் கொய்யாவும் வந்தன. “மூணு வருஷம் பீப்பாய் போட்டு வைக்க அங்க யாருகிட்ட இடம் இருக்கு, அக்கா?” என்றான். நியாயமான கேள்வி. இங்கே பெரும்பாலும் செய்வது கொப்பரைப் புளிப்பு. காய்ச்சிய கஞ்சியை நாற்பது டிகிரி சொச்சத்துக்கு ஆறவைத்து, லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை விட்டு ஒன்றிரண்டு நாள் மூடிவைப்பார்கள். தேவையான புளிப்பு வந்ததும் மறுபடி கொதிக்கவைத்துப் பாக்டீரியாவைக் கொன்று, பிறகு வழக்கம்போல ஈஸ்ட். சுத்தமான, ஒரே சுருதிப் புளிப்பு கிடைக்கும்; தொழுவ வாசனை கிடைக்காது. பழக்கூழ் சேர்ப்பது அதற்குப் பிறகு. மாம்பழம் மாதிரிப் பழங்களின் மணம் நொதியில் சீக்கிரம் பறந்துவிடுவதால் எவ்வளவு தாமதமாகச் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது. தாமதமாகச் சேர்த்தால் சர்க்கரை மிஞ்சும். அதைக் குளிரில் வைக்காவிட்டால் கேனுக்குள்ளேயே மறுபடி நொதித்து வெடிக்கவும் செய்யும். ஆகஸ்ட் மாதத்துப் புதுச்சேரியில், கரண்ட் போனால், அது கற்பனை பயம் இல்லை.

புதுச்சேரிக்கும் கேட்டமரான் என்ற பெயரில் ஒரு மைக்ரோ ப்ரூவரி வந்துவிட்டது. தமிழ்நாட்டுத் தலைநகரம் சென்னையே பார்த்துப் பெருமூச்சு விடும் விஷயம் இது. ஆனால் என் ஆசை வேறு. இந்த ஊரைச் சுற்றி விளையும் பழங்களில் பீருக்கென்றே பிறந்தவை சில உண்டு, அவை மாம்பழமும் பலாவும் அல்ல. பலா வந்தால் மற்ற எதையும் பேசவிடாது. நாவல், விளாம்பழம், பெருநெல்லி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப்பழம்: சர்க்கரை போன பிறகும் பேச விஷயம் வைத்திருக்கும் பழங்கள் இவைதான். பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்தில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு முந்திரிப்பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். கோவாக்காரர்கள் அதே பழத்தில் ஃபெனி இறக்கி உலகப் பெயர் வாங்கிவிட்டார்கள்.

கலயத்துக்குக் கோப்பை இல்லை

மது விஷயத்தில் புதுச்சேரி தனி வழி போனதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. ராஜாஜி 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியபோது இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்த பிறகும் கலால் ஏற்பாடு தனியாகவே நின்றது. 1970-இல் தனிக் கலால் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அங்கே விஸ்கியை அரசாங்கமே விற்கிறது, கள் இறக்கினால் வழக்கு. இங்கே கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலத்தில் போகின்றன. வார இறுதியில் சென்னைப் பதிவெண் கார்கள் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொள்வதும், திரும்பும்போது கனகசெட்டிகுளத்தில் டிக்கியைத் திறந்து காட்டுவதும் இந்த எல்லைக்கோட்டின் விளைவு. ரெஸ்டோ பார் பெருகியதில் ஒயிட் டவுனில் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போனது தனிக் கதை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குடியால் நடுத்தெருவுக்கு வந்த வீடுகள் எங்கள் ஐந்து பேர் சொந்தத்திலும் உண்டு. அதனால்தான் மூன்று சதவீத, ஐந்து சதவீத பீரை ஒரு மணி நேரம் வைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது ஒன்றும் உண்டு. காட்டு ஈஸ்ட், தானாய் நொதித்தது, அந்த மண்ணின் நுண்ணுயிர் என்றெல்லாம் அட்டையில் அச்சடித்த பீருக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிற கூட்டம், அத்தனை தகுதியும் உள்ள ஒரு பானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பிளாஸ்டிக் குவளையில் விற்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறது. ஒரு கோப்பை இறக்குமதிப் புளிப்பு பீரின் காசில் கள்ளுக்கடையில் ஒரு பெஞ்சுக்கே வாங்கித்தரலாம். கலப்படம் என்ற பயம் நியாயம். தோப்பைத் தெரிந்துகொண்டு குடிப்பதுதான் அதற்கு மருந்து. ஒயின் குடிக்கிறவர்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்கவில்லையா?

மீன்காரர் குடிசையில் மீனோடு சேர்த்து மது பரிமாறும் வழக்கம் இந்தக் கரையில் எழுத்திலேயே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினத்தை அறிஞர்கள் மரக்காணம் என்கிறார்கள். இங்கிருந்து வடக்கே ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பரதவர் வீட்டுப் பெண் வடித்த பழைய தேறலும் சுட்ட குழல் மீனும் பாணனுக்குக் கிடைக்கின்றன. பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போய்ச் செய்முறையே சொல்கிறது: குழையக் காய்ச்சிய அரிசிக் களியை அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைப்பது. முளைகட்டிய தானியம், அகலப் பாத்திரத்தில் ஆற்றுவது, சாடியில் நொதிப்பது. பிரஸ்ஸல்ஸ்காரர்கள் செப்புத் தொட்டியில் செய்வதைக் காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர்கள் செய்திருக்கிறார்கள். கள் என்றால் மரத்திலிருந்து மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது இன்னமும் அடங்காத வியப்பு.

பாட்டில்கள் திறந்த அந்தச் சாயங்காலத்துக்கு அடுத்த நாளே பாகூருக்குக் கிளம்பினோம். கூஸ் மூன்று வெவ்வேறு வயதுப் பீர்களின் கலவை என்றால், கள்ளை மூன்று வேளையாகக் குடித்துப் பார்ப்பது என்று பாரிஸ்காரன் திட்டம் போட்டான். காலையில் மரத்திலிருந்து இறங்கியது பால் வெள்ளை, இளநீர் இனிப்பு, லேசான நுரை. பதினொரு மணிக்கு இனிப்பு பாதியாகி, நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு குத்து. பழுத்த வாழைப்பழ மணம். மாலை நான்கு மணிக்கு இனிப்பு போய்விட்டது. புளிப்பு, கொஞ்சம் முட்டை வாடை, அடியில் ஈஸ்ட் வண்டல். அக்கா கொண்டுவந்த அமிலத் தாள் ஒவ்வொரு வேளைக்கும் நிறம் மாறிக்கொண்டே வந்தது. அண்ணனுக்குப் பதினொரு மணிக் கள்தான் கள். எனக்கும்.

பாரிஸ்காரன் விடவில்லை. காலைக் கள்ளில் கொஞ்சம் பனிக்கட்டிப் பெட்டியில் நிறுத்திவைத்திருந்தான். அதையும் மாலைக் கள்ளையும் ஒன்றுக்கு ஒன்றாகக் கலந்து, பெரிய மார்க்கெட்டில் வாங்கிவந்த நாவல் பழத்தைக் கையால் பிசைந்து போட்டான். ஊதா நிறத்தில் நுரை எழும்பியது. அண்ணன் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு குடித்தார், பிறகு குவளையை மறுபடி நீட்டினார்.

“பழைய கள்ளு கொஞ்சம் ஊத்துனாத்தான் புதுசு நல்லாப் பொங்கும்னு எங்கப்பா சொல்வாரு. பழத்தைப் போடணும்னு யாரும் சொல்லல.” கொஞ்ச நேரம் கழித்து, “முந்திரிப்பழம் போட்டா எப்படி இருக்கும்?” என்றார்.

முந்திரிப்பழம் ஏப்ரல், மே மாதத்தில்தான். பறித்த அன்றே சாறு பிழிந்துவிட வேண்டும், மறுநாளுக்கு நிற்காது. தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பைக் குறைக்கக் கஞ்சித் தண்ணீர் கலந்து தெளியவைக்கலாம் என்று அக்கா சொல்கிறார். பாரிஸ்காரனின் லீவு எப்போதும் ஆகஸ்டில். அதை ஏப்ரலுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறான்.